கமாண்ட் லைன் கருவியில் -வி, -க்யூ: பிரின்ட்டே போதுமா, லாகிங் வேண்டுமா?

தேன்சிட்டு | செவ்வாய், இரவு 9:12

வணக்கம். எங்கள் அணிக்காகப் பைத்தானில் ஒரு சின்னக் கருவி எழுதினேன். ப்ராஜெக்ட் ஃபோல்டரைக் காட்டினால், உள்ளே இருக்கும் பைத்தான் ஃபைல்களைப் படித்து, யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்கள், பயன்படாத இம்போர்ட்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஃபைல் பெயர், வரி எண்ணோடு சொல்லும். எவற்றைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்ற விதிப் பட்டியலை உள் சர்வரிலிருந்து ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி வழியாக இறக்கிக்கொள்ளும். எனக்காக மட்டும் எழுதியது. இப்போது அணி முழுக்கப் பயன்படுத்துகிறது, அங்கேதான் தலைவலி ஆரம்பம்.

கருவிக்குள் 37 இடத்தில் பிரின்ட் இருந்தது. ஜேசன் வெளியீட்டை, அதைப் படிக்கும் ஜேக்யூ கருவிக்குப் பைப் செய்தால் முதல் வரியிலேயே அடம்பிடிக்கிறது, ஏனென்றால் "ஸ்கேன் தொடங்குகிறது" என்ற என் வரியும் கூடவே போய்விடுகிறது. சரி, முறையாகச் செய்வோம் என்று, செய்திகளைத் தரம் பிரித்து எழுதும் பைத்தானின் லாகிங் மாட்யூலுக்கு மாறினேன். குறைகளை வார்னிங்காக மாற்றினேன், -வி (அதிகம் பேசு) கொடுத்தால் எல்லாம் கொட்டும் டீபக் லெவல், -க்யூ (அமைதியாக இரு) கொடுத்தால் பிழைகள் மட்டும் வரும் எரர் லெவல். இப்போது -வி போட்டால் என் வரிகளைவிட, ரிக்வெஸ்ட்ஸ் உள்ளே பயன்படுத்தும் யூஆர்எல்லிப்3 கொட்டும் "புதிய எச்டிடிபிஎஸ் இணைப்பு" வரிகள்தான் அதிகம். -க்யூ போட்டாலோ கண்டுபிடித்த குறைகளே காணாமல் போகின்றன. நேற்று சி.ஐ.யில் (கோடைத் தானாகச் சோதிக்கும் சர்வர்) எல்லாம் பச்சை. கையால் ஓட்டிப் பார்த்தால் 14 குறைகள்.

பேசாமல் பிரின்ட்டுக்கே திரும்பிவிடலாமா?

---

பழைய_முனையம் | செவ்வாய், இரவு 9:50

தம்பி, லாகிங்கை அப்புறம் பார்ப்போம். ஜேக்யூ அடம்பிடிப்பதற்கும் லாகிங்குக்கும் சம்பந்தமே இல்லை.

ஒவ்வொரு ப்ராசஸுக்கும் வெளியே போக இரண்டு வாசல் உண்டு. 1 ஸ்டேன்டர்ட் அவுட், 2 ஸ்டேன்டர்ட் எரர். பெயரில் எரர் இருப்பதால் பிழைச் செய்தி மட்டும்தான் அதில் போக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நீ கேட்ட பதில் 1இல் வர வேண்டும். கருவி தன்னைப் பற்றிப் பேசிக்கொள்வது எல்லாம் 2இல். இணையப் பக்கத்தை இறக்கும் கர்லுக்கு -வி கொடுத்துப் பார்: இணைப்பு விவரம், ஹெட்டர் எல்லாம் 2இல் ஓடும், பக்கம் மட்டும் 1இல் வரும். அதனால்தான் -வி போட்டுக்கொண்டே அதை இன்னொன்றுக்குப் பைப் செய்ய முடிகிறது.

இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். 2ஐ டெவ் நல் என்ற குப்பைத் தொட்டிக்குத் தள்ளிவிட்டுக் கருவியை ஓட்டு. திரையில் மிஞ்சியது இன்னொரு ப்ரோகிராம் படிக்கிற மாதிரி சுத்தமாக இருக்கிறதா? பிறகு 1ஐத் தள்ளிவிட்டு ஓட்டு. மிஞ்சியதைப் படித்தால் கருவி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு மனிதனுக்குப் புரிகிறதா? இரண்டும் ஆம் என்றால் பாதி வேலை முடிந்தது.

---

மோர்மிளகாய் | செவ்வாய், இரவு 10:05

முனையம் சார் சொன்னதே போதும். பிரின்ட்டுக்கு ஃபைல் என்று ஓர் ஆர்க்யுமென்ட் இருக்கிறது, அதில் ஸ்டேன்டர்ட் எரரைக் கொடுத்தால் வேலை முடிந்தது. அதைச் சுற்றி நாலு வரியில் ஒரு ஃபங்ஷன், உள்ளே "இத்தனை வி-க்கு மேல் இருந்தால் அச்சிடு" என்று ஓர் இஃப்.

லாகிங் மாட்யூல் ஜாவா ஆட்கள் விட்டுப்போன பெட்டி மாதிரி. பைத்தான் முழுக்க அடிக்கோடு போட்டு எழுதும்போது இது மட்டும் கெட்லாகர், பேசிக்கான்ஃபிக் என்று ஒட்டகத் திமிலோடு நிற்கிறது. ஹேண்ட்லர், ஃபார்மேட்டர், ஃபில்டர், ப்ராபகேட்... ஆயிரம் வரிக் கருவிக்கு இத்தனை சீர்வரிசை எதற்கு?

---

ராத்திரி_ஷிப்ட் | செவ்வாய், இரவு 11:38

மோர்மிளகாய், ஜாவா வாசனை உண்மைதான். ஜாவாவின் லாகிங் லைப்ரரியான லாக்4ஜேயைப் பார்த்துத்தான் இதை வடிவமைத்தார்கள். வினய் சஜீப் எழுதிய இந்த மாட்யூல் 2003இல் பைத்தான் 2.3ஓடு வந்தது, பெயர்கள் அப்போதே அப்படி அமைந்துவிட்டன. ஆனால் தேன்சிட்டின் யூஆர்எல்லிப்3 தொல்லையைக் கவனியுங்கள். மற்றவர்கள் எழுதிய லைப்ரரிகள் ஏற்கெனவே லாகிங்கில்தான் பேசுகின்றன. உங்கள் நாலு வரி ஃபங்ஷன் அவர்களை அடக்கவும் செய்யாது, வேண்டும்போது பேச வைக்கவும் செய்யாது.

தேன்சிட்டு, நீங்கள் டீபக் லெவலை, எல்லா லாகருக்கும் மேலே இருக்கும் ரூட் லாகரில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதுதான் வினை.

லெவல்கள் வெறும் எண்கள்: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. ரூட்டின் இயல்பு 30. மற்ற லாகர்கள் பிறக்கும்போது 0, அதாவது "எனக்கென்று எதுவும் இல்லை, மேலே கேள்" என்று பொருள். ஆகவே ரூட்டை 10க்கு இறக்கினால் யூஆர்எல்லிப்3உம் மேலே கேட்டு, 10 என்று தெரிந்துகொண்டு, வாயைத் திறக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரூட்டை 30இலேயே விடுங்கள், அதில் செய்திகளை ஸ்டேன்டர்ட் எரரில் எழுதும் ஒரே ஒரு ஹேண்ட்லரை மாட்டுங்கள். ஸ்ட்ரீம் ஹேண்ட்லரின் இயல்பே ஸ்டேன்டர்ட் எரர்தான். பிறகு உங்கள் பேக்கேஜ் பெயரில் இருக்கும் லாகருக்கு மட்டும் லெவலை மாற்றுங்கள். ஒவ்வொரு ஃபைலிலும் அந்த மாட்யூலின் பெயரிலேயே லாகர் எடுத்தால் எல்லாம் தானாக அதன் பிள்ளைகள் ஆகிவிடும்.

"ரூட் 30இல் இருந்தால் என் 10 வரி அங்கே தடுக்கப்படாதா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். தடுக்கப்படாது. நானும் இதில் ஒரு முழு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன். ஒரு செய்தி பிறக்கும் லாகரில் மட்டும்தான் லாகர் லெவல் சோதிக்கப்படும். அங்கே தாண்டிவிட்டால், மேலே போகும் வழியில் தாத்தா பாட்டி லாகர்களின் லெவலை யாரும் பார்ப்பதில்லை, அவர்களுடைய ஹேண்ட்லர்களின் லெவலை மட்டும் பார்ப்பார்கள். தெருமுனையில் பை சோதனை முடிந்த பிறகு கோயில் வாசலில் மறுபடி திறக்கச் சொல்லாத மாதிரி.

ஃபிளாக்குகளைப் படிக்கும் ஆர்க்பார்ஸில் -வியின் ஆக்‌ஷனைக் கவுன்ட் என்று வையுங்கள், -க்யூவையும் அப்படியே. டீஃபால்ட்டை 0 என்று மறக்காமல் கொடுங்கள். கொடுக்காவிட்டால் யாரும் -வி போடாதபோது அதன் மதிப்பு நன், அதைக் கழிக்கப் போனால் டைப் எரர். கணக்கு: 30இலிருந்து, வி எண்ணிக்கையில் க்யூ எண்ணிக்கையைக் கழித்து 10ஆல் பெருக்கியதைக் கழியுங்கள், 10க்கும் 50க்கும் நடுவில் பிடித்து வையுங்கள். மூன்று வி வந்தால் மட்டும் ரூட்டையும் 10க்கு இறக்குங்கள். சர்வர் இணைப்பே கோளாறு என்று சந்தேகம் வரும் நாளில் அந்த யூஆர்எல்லிப்3 வரிகள்தான் தேவைப்படும். வேறு கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சும், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்பும் மூன்று வி வரை கேட்கின்றன, ஆட்களுக்கு விரல் பழகியிருக்கும்.

---

தேன்சிட்டு | புதன், காலை 8:20

முனையம் சார், தம்பி இல்லை, தங்கை. :)

ராத்திரி ஷிப்ட் சொன்ன மாதிரி மாற்றினேன். இப்போது -வி, -விவி எது போட்டாலும் ஒன்றும் மாறவில்லை! லாகிங்கை அமைக்கும் பேசிக்கான்ஃபிக்கை என் மெயினில் கூப்பிடுகிறேன், நான் கொடுத்த ஃபார்மேட் கூட வரவில்லை. யாரோ எனக்கு முன்னால் வந்து நாற்காலி பிடித்த மாதிரி இருக்கிறது.

---

ராத்திரி_ஷிப்ட் | புதன், காலை 8:41

பிடித்துத்தான் விட்டார்கள். உங்கள் மாட்யூல் ஏதாவது ஒன்றில், இம்போர்ட் ஆகும்போதே ஓடும் இடத்தில், லாகர் எடுக்காமல் நேரடியாக லாகிங் டாட் இன்ஃபோ என்றோ லாகிங் டாட் டீபக் என்றோ எழுதியிருக்கிறீர்களா? அந்தக் குறுக்குவழி ஃபங்ஷன்கள், ரூட்டில் ஹேண்ட்லர் இல்லையென்றால் தாங்களே பேசிக்கான்ஃபிக்கைக் கூப்பிட்டுவிடும். அதன் பிறகு நீங்கள் கூப்பிடும் பேசிக்கான்ஃபிக், ரூட்டில் ஏற்கெனவே ஹேண்ட்லர் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல், ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடும்.

3.8 முதல் ஃபோர்ஸ் என்ற ஆர்க்யுமென்ட் உண்டு, ட்ரூ கொடுத்தால் பழையதைக் கழற்றிவிட்டு மாட்டும். ஆனால் முதலில் அந்த வரியைத் தேடி எடுங்கள். ஃபோர்ஸ் போடுவது எலி இருக்கும் வீட்டில் ஊதுபத்தி ஏற்றுவது மாதிரி.

அந்த லெவல் எதையும் மாற்றாததற்கும் இன்னொரு காரணம் இருக்கலாம். நேரடியாக மெயின் ஃபைலை ஓட்டினால் அங்கே மாட்யூல் பெயர் உங்கள் பேக்கேஜ் பெயராக இருக்காது, இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட "மெயின்" என்று இருக்கும். அது உங்கள் பேக்கேஜ் லாகரின் பிள்ளை அல்ல.

---

தேன்சிட்டு | புதன், காலை 9:05

இரண்டுமே! விதிப் பட்டியல் மாட்யூலின் உச்சியில் ஒரு லாகிங் டாட் இன்ஃபோ, ஓட்டியது நேரடியாக மெயின் ஃபைலை. சரிசெய்துவிட்டேன், -வி இப்போது சொன்னபடி கேட்கிறது. ஆனால் -க்யூ தொல்லை அப்படியே இருக்கிறது. எரர் லெவல் வைத்தால் குறைகள் காணாமல் போகின்றன, வார்னிங்கிலேயே விட்டால் -க்யூவுக்கு வேலையே இல்லை.

---

பழைய_முனையம் | புதன், காலை 11:30

மன்னிக்க வேண்டும் தங்கச்சி. இந்த -க்யூ விஷயத்தில்தான் உன் கருவியின் உண்மையான கோளாறு இருக்கிறது, நேற்றே கவனித்திருக்க வேண்டும்.

நீ கண்டுபிடித்த குறையை வார்னிங் என்று லாக் செய்கிறாய். வார்த்தை பொருந்துகிற மாதிரிதான் தெரியும்: "எச்சரிக்கை, இந்த ஃபங்ஷனை யாரும் கூப்பிடவில்லை." ஆனால் அது யாரைப் பற்றிய எச்சரிக்கை? உன் அணியின் கோடைப் பற்றியது. உன் கருவியைப் பற்றியது இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சர்க்கரை 300 என்று வந்தால், அது கூடத்தின் இயந்திரத்தில் கோளாறு என்று அர்த்தம் இல்லையே. 300 என்பதுதான் அந்தக் கூடம் கொடுக்க வேண்டிய விடை. இயந்திரம் சூடாகிவிட்டது என்பதுதான் கூடத்தின் வார்னிங்.

உன் கருவிக்கு வார்னிங் எது? "இந்த ஃபைலின் என்கோடிங் புரியவில்லை, விட்டுவிட்டுப் போகிறேன்." "சர்வர் பதில் தரவில்லை, பழைய விதிப் பட்டியலை வைத்துப் பார்க்கிறேன்." இவை லாகிங்குக்குள் போகலாம். யாரும் கூப்பிடாத ஃபங்ஷன் பட்டியல் லாகிங் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. அது 1ஆம் வாசல், பிரின்ட். ஆமாம், பிரின்ட்தான். மோர்மிளகாய் சந்தோஷப்படட்டும்.

அப்புறம் எக்ஸிட் கோட், அதாவது கருவி முடியும்போது விட்டுப்போகும் எண். திரையில் என்ன தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சி.ஐ. பார்ப்பது அந்த எண்ணைத்தான். ஃபைலுக்குள் வரி தேடும் கிரெப்பின் வழக்கம் நல்ல வழக்கம்: கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோளாறு என்றால் 2. உனக்குக் குறை இல்லை என்றால் 0, இருந்தால் 1, கருவியே சறுக்கினால் 2 என்று வைத்துக்கொள். தப்பான ஃபிளாக் கொடுத்தால் ஆர்க்பார்ஸும் 2 என்றுதான் வெளியேறும், ஒத்துப்போகும்.

---

மோர்மிளகாய் | புதன், பகல் 1:15

சந்தோஷம்தான். ஆனால் சார், கிரெப்பை உதாரணம் காட்டிவிட்டு நழுவக் கூடாது. கிரெப் -க்யூ விடையையே மறைக்கிறதே? ஒரு வரி கூட அச்சிடாது, எக்ஸிட் கோட் மட்டும்தான். அப்படியானால் தேன்சிட்டின் -க்யூ குறைகளை மறைத்ததும் நியாயம்தானே?

---

பழைய_முனையம் | புதன், பகல் 2:02

நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன், -க்யூவுக்கு இரண்டு பரம்பரை உண்டு. ஒன்று கிரெப் வழி: "பேசாதே, ஆமா இல்லையா என்று மட்டும் சொல்." இன்னொன்று பிப் வழி: "உன் கதையைக் குறை." கர்லின் -எஸ் மூன்றாவது கூத்து. முன்னேற்றப் பட்டையை மறைக்கப் போய்ப் பிழைச் செய்தியையும் சேர்த்து மறைக்கும். அதை மட்டும் திரும்பக் கொண்டுவரப் பெரிய எஸ் என்று தனி ஃபிளாக். அதனால்தான் ஸ்கிரிப்ட்களில் சின்ன எஸ்ஸும் பெரிய எஸ்ஸும் ஜோடியாகவே திரிகின்றன.

எந்தப் பரம்பரை என்று ஹெல்ப் வரியில் எழுதிவிட்டால் எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஆனால் தேன்சிட்டின் கருவி குறைகளையும் மறைத்து, எக்ஸிட் கோடையும் 0 ஆக விட்டதே, அதற்கு இந்த இரண்டு பரம்பரையிலும் இடமில்லை.

---

காக்கா_கூடு | புதன், மாலை 5:47

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வேகம் பற்றி ஒன்று. டீபக் வரிகளில் எஃப் ஸ்டிரிங் போடாதீர்கள், சதவீதக்குறி எஸ் போட்டு மதிப்பைத் தனி ஆர்க்யுமென்ட்டாகக் கொடுங்கள், வேண்டாதபோது வார்த்தை கோக்கும் செலவு மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதை மட்டும் நம்பி நான் ஏமாந்தேன். நான் எழுதிய ஒரு கருவி காரணமே இல்லாமல் இழுத்தடித்தது. ப்ரொஃபைலரில் பார்த்தால் நேரத்தைத் தின்றது, கோடின் இலக்கண மரத்தை எழுத்தாக்கும் ஏஎஸ்டி டம்ப். டீபக் வரிக்கு ஆர்க்யுமென்ட்டாக ஏஎஸ்டி டம்பைக் கூப்பிட்டு வைத்திருந்தேன். வார்த்தை கோக்கவில்லைதான், ஆனால் ஆர்க்யுமென்ட்டைக் கணக்கிடாமல் ஃபங்ஷனுக்குள்ளேயே போக முடியாதே! ஒவ்வொரு ஃபைலுக்கும் மரம் முழுவதையும் எழுத்தாக்கி, யாரும் பார்க்காமல் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த மாதிரி இடத்தில் மட்டும் இந்த லெவல் திறந்திருக்கிறதா என்று முதலில் இஸ்எனேபிள்ட்ஃபாரிடம் கேட்டு, ஆம் என்றால் உள்ளே போகச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் போட்டால் கோடு அசிங்கமாகிவிடும்.

---

விண்டோஸ்_வாசி | புதன், இரவு 8:30

லாகை ஃபைலுக்கும் எழுதப்போகிறீர்கள் என்றால் ஒரு தமிழ்ப் பிரச்சினை. என் ப்ராஜெக்ட் "பயிற்சி" என்ற ஃபோல்டருக்குள் இருக்கிறது. ஃபைல் ஹேண்ட்லருக்கு என்கோடிங் கொடுக்காவிட்டால் விண்டோஸ் தன் கோட் பேஜை, அதாவது தன் எழுத்துப் பட்டியலை, எடுத்துக்கொள்ளும். என் கணினியில் அது 1252, அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. லாகிங் இதற்காக உங்கள் கருவியை நிறுத்தாது. "லாகிங் எரர்" என்று தலைப்பிட்டு நீளமான ட்ரேஸ்பேக்கை ஸ்டேன்டர்ட் எரரில் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். ஃபைலுக்கு ஒன்று என்று கொட்டினால் கருவியே செத்துவிட்டது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். ஃபைல் ஹேண்ட்லரில் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். பேசிக்கான்ஃபிக்கிலும் 3.9 முதல் என்கோடிங் கொடுக்கலாம்.

---

தேன்சிட்டு | வியாழன், காலை 10:15

குறைகளைப் பிரின்ட்டுக்கு மாற்றினேன், எக்ஸிட் கோடும் 0, 1, 2. சி.ஐ. இன்று சிவப்பு. இவ்வளவு சந்தோஷமாகச் சிவப்பைப் பார்த்ததில்லை.

ஆனால் புதிதாக ஒரு மர்மம். வேகத்துக்காக ஃபைல்களை, பல ப்ராசஸ்களை ஒரே நேரத்தில் ஓட்டும் ப்ராசஸ் பூல் எக்ஸிக்யூட்டரில் பிரித்துக் கொடுக்கிறேன். என் லினக்ஸில் -விவி போட்டால் எல்லா டீபக் வரியும் வருகிறது. பக்கத்து இருக்கைக்காரரின் மேக்கில் தொடக்க வரிகளும் முடிவு வரிகளும் மட்டும் வருகின்றன, நடுவில் ஃபைல் படிக்கும் வரி ஒன்றுகூட இல்லை. விடை மட்டும் சரியாக இருக்கிறது.

---

ராத்திரி_ஷிப்ட் | வியாழன், காலை 10:58

உங்கள் லினக்ஸ் ஃபோர்க் செய்கிறது. பிள்ளை ப்ராசஸ் தாயின் நினைவகத்தை அப்படியே நகலெடுத்துப் பிறப்பதால் லாகிங் அமைப்பும் கூடவே வந்துவிடும். மேக்கில் 3.8 முதல் இயல்பு ஸ்பான், விண்டோஸில் எப்போதுமே அதுதான். அங்கே பிள்ளை வெறுங்கையோடு பிறக்கும், மாட்யூல்களை மறுபடி இம்போர்ட் செய்துகொள்ளும், ஆனால் மெயினுக்குள் நீங்கள் கூப்பிட்ட அமைப்பு அதற்குத் தெரியாது. ஹேண்ட்லரே இல்லாதபோது லாகிங் வார்னிங்கையும் அதற்கு மேலானவற்றையும் மட்டும் கடைசிப் புகலிடமாக ஸ்டேன்டர்ட் எரரில் போடும், டீபக் எல்லாம் காற்றில். லினக்ஸில் பிழைத்தோம் என்று இருக்க வேண்டாம், 3.14 முதல் அங்கேயும் இயல்பு ஃபோர்க் இல்லை, ஃபோர்க்சர்வர்.

லாகிங்கை அமைக்கும் வேலையைத் தனி ஃபங்ஷனாக்கி, எக்ஸிக்யூட்டரின் இனிஷியலைசராகக் கொடுங்கள், வி எண்ணிக்கையை அதற்கு ஆர்க்யுமென்ட்டாக அனுப்புங்கள். திரைக்கு எழுதுவதற்கு இது போதும். லாக் ஃபைல் வைத்தால் மட்டும் பல ப்ராசஸ்கள் ஒரே ஃபைலில் எழுதுவதை லாகிங் தாங்காது. க்யூ ஹேண்ட்லர் போட்டுப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் போட, தாய் ஒருத்தியே ஃபைலில் எழுத வேண்டும்.

---

காக்கா_கூடு | வியாழன், பகல் 12:20

சர்வருக்கு, பாஸ்வேர்ட் மாதிரியான டோக்கன் அனுப்புகிறீர்களா? டீபக்கில் ரிக்வெஸ்ட் ஹெட்டரை முழுசாக அச்சிட்டால் அதுவும் வந்துவிடும். ஆட்கள் -விவிவி வெளியீட்டை அப்படியே நகலெடுத்து டிக்கெட்டில் ஒட்டுவார்கள், சி.ஐ. லாக் அணி முழுக்கத் திறந்திருக்கும். 2018 மே மாதத்தில் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் பாஸ்வேர்ட் மாற்றிக்கொள்ளச் சொன்னது இப்படி ஒரு காரணத்தால்தான். ஹாஷ் செய்து மறைப்பதற்கு முன்பே பாஸ்வேர்ட்கள் உள் லாக் ஒன்றில் எழுதப்பட்டிருந்தன. கோடின் பதிப்புகளைக் காக்கும் கிட் தன் ட்ரேஸ் வெளியீட்டில் ஆதரைசேஷன் ஹெட்டரைத் தானே மறைத்துவிடும். நீங்களும் மறைத்துவிடுங்கள்.

---

தேன்சிட்டு | வியாழன், மாலை 6:40

அச்சிட்டுக்கொண்டுதான் இருந்தது! எடுத்துவிட்டேன், டோக்கனையும் மாற்றச் சொல்லிவிட்டேன். இனிஷியலைசர் போட்ட பிறகு மேக்கிலும் எல்லா வரியும் வருகிறது.

பழைய 37 பிரின்ட்டுகளின் கணக்கு கேட்பவர்களுக்கு: 9 விடை, அவை பிரின்ட்டாகவே ஸ்டேன்டர்ட் அவுட்டில். 22 லாகிங்குக்குப் போயின, பெரும்பாலும் டீபக். மிச்சம் 6 "இங்கே வந்தேன்", "இங்கேயும் வந்தேன்" ரகம், அழித்துவிட்டேன். -க்யூவுக்குப் பிப் வழிதான். குறைகள் வரும், கருவியின் புலம்பல் வராது. ஹெல்ப்பில் எழுதியாயிற்று. லாக் ஃபைல் இப்போதைக்கு வேண்டாம், தேவைப்பட்டால் ஆட்கள் 2ஐ ஃபைலுக்குத் திருப்பிக்கொள்ளட்டும்.

---

மோர்மிளகாய் | வியாழன், இரவு 7:10

9 பிரின்ட் பிழைத்ததே, போதும். ஒரு கேள்வி: சி.ஐ. லாகில் உன் டீபக் வரிகள் எல்லாம் முதலில் வந்து, குறைகள் கடைசியில் மொத்தமாக வருகின்றனவா?

---

ராத்திரி_ஷிப்ட் | வியாழன், இரவு 11:52

வரும். டெர்மினல் இல்லாத இடத்தில் ஸ்டேன்டர்ட் அவுட் நிறைய சேர்த்து வைத்துக்கொண்டுதான் தள்ளும், ஸ்டேன்டர்ட் எரரோ 3.9 முதல் எங்கே இருந்தாலும் வரிக்கு வரி தள்ளிவிடும். வரிசை முக்கியம் என்றால் பிரின்ட்டில் ஃப்ளஷ் கொடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், கருவியில் தப்பில்லை.

---

தேன்சிட்டு | வெள்ளி, காலை 9:30

அப்படித்தான் வருகிறது, விட்டுவிட்டேன். இன்று காலை மேலாளர் கருவியை முதன்முதலாக ஓட்டினார். பதிப்பு எண் பார்க்க -வி அடித்திருக்கிறார், 200 வரி வந்து விழுந்ததும் "என்னம்மா, எதையோ உடைத்துவிட்டேனா?" என்று எழுந்து வந்துவிட்டார். பெரிய வி-யைப் பதிப்புக்கு வைத்துவிடலாமா?

---

பழைய_முனையம் | வெள்ளி, காலை 9:44

வை. பைத்தானே அப்படித்தான்: பெரிய வி பதிப்பு, சின்ன வி புலம்பல். கிரெப்பில் சின்ன வி போட்டால் பொருந்தாத வரிகளைக் காட்டும், அதை மட்டும் மேலாளரிடம் சொல்லாதே.